மாலை போட்ட கேசட் அட்டை

என் அம்மா இறந்துபோன படத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது, அம்மா எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து கருவாடு அலசிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். டேப் ரெக்கார்டர் வீட்டுக்குள் வந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் வீடு என்பது சூரியநெல்லியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்தில், வரிசையாக ஒட்டியிருந்த வீடுகளில் கடைசி வீடு. அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை. எனக்கு இரண்டு வயதில் ஒரு தம்பி. பஜாரில் கேசட் கடை வைத்திருந்தவர் அன்றைக்கு லயத்துக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "அம்மாகிட்ட குடு பாப்பா" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். ஏன் அவ்வளவு வேகம் என்று தாளைப் பிரித்ததும் தெரிந்தது.

ஊதா நிறத்தில் அட்டை. நடுவில் முட்டை வடிவ வளையத்துக்குள் அம்மாவின் முகம். வளையத்தைச் சுற்றி ரோஜா மாலை. கீழே ஒற்றைத் திரி எரியும் குத்துவிளக்கு. மூலையில் பெரிதாக ஒரு கண்ணீர்த் துளி. மேலே மெழுகு உருகுவதுபோல் 'ஒப்பாரிப் பாடல்கள்' என்று எழுத்து. அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. 'பாடியவர்: தேயிலைக் குயில்' என்று போட்டிருந்தது. அம்மா கடுகளவு பொட்டுதான் வைப்பாள். அட்டையில் யாரோ காலணா அளவுக்குக் குங்குமம் வரைந்திருந்தார்கள். அதைவிட மோசம், அம்மாவின் இடது தோளில் மூன்று விரல்கள் இருந்தன. கை இல்லை, ஆள் இல்லை, விரல்கள் மட்டும். அவை என் விரல்கள்.

"அம்மா, உனக்கு மாலை போட்டிருக்காங்க" என்றேன்.

"என்ன மாலை?" என்று நிமிர்ந்தாள். ஈரக் கையால் வாங்கிப் பார்த்தாள். கருவாட்டுத் தண்ணீர் அட்டையில் சொட்டியது. அவள் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. நான்தான் எதிரே உயிரோடு இருப்பவளையும் படத்தில் செத்திருப்பவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அம்மா கேசட்டைக் கவிழ்த்து அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி கருவாட்டின் முன் உட்கார்ந்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அப்பா அப்படியே சாப்பிட்டார்.

அந்தக் கடையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே, இரண்டு கதவு அகலம்கூட இல்லாத கடை. சுவர் முழுக்க கேசட். எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. யாரும் கேசட்டின் பெயரைப் படித்து வாங்கியதில்லை. நிறத்தையும் படத்தையும் பார்த்தே கை போகும். முருகன் பாட்டென்றால் மயில், வேல், பின்னால் மஞ்சள் கதிர். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பன் பாட்டு வந்து சுவரில் பாதி கறுப்பும் நீலமுமாக மாறிவிடும், அதில் புலி இருக்கும். பச்சை அட்டையில் பிறையும் மினாராவும் இருந்தால் பள்ளிவாசல் தெருக்காரர்கள் வாங்குவார்கள். கிராமியப் பாட்டு அட்டையில் தாவணி போட்ட பெண் வைக்கோல்போரில் சாய்ந்து சிரிப்பாள். அதை லயத்து வாலிபர்கள் பாட்டுக்காக மட்டும் வாங்கவில்லை.

அப்பா வாங்குவது வேதப் பாட்டு. அப்பா சபையைச் சேர்ந்தவர். அந்த அட்டைகளில் பனிமலை இருக்கும், ஏரி இருக்கும், ஏரிக்கரையில் வெள்ளைக்கார தேசத்து வீடு ஒன்று இருக்கும். எங்கள் வாசலில் நின்றாலே மலையும் மேகமும் தெரியும். ஆனால் எங்கள் மலை ஒரு அட்டையிலும் வந்ததில்லை. "பரலோகத்துல கொழுந்து பறிக்கணும்னா யாரு போவா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

ஒப்பாரிக் கேசட் மட்டும் கடைக்குள் இருக்காது. வாசலோரமாக, இடுப்பு உயரத்தில் தனி வரிசை. எல்லாம் ஊதாவும் கறுப்பும், எல்லாவற்றிலும் மாலையும் விளக்கும். துக்க வீட்டிலிருந்து வருகிறவர் கடைக்குள் ஏற மாட்டார், வெளியே நின்றே கையை நீட்டி எடுத்துக்கொண்டு போவார். பிள்ளைகள் நாங்கள் அந்த வரிசையைத் தொட மாட்டோம். உரசிக்கொண்டுகூடப் போக மாட்டோம்.

ஒருமுறை கீழ் லயத்தில் ஒரு பெண்ணுக்குச் சடங்கு வைத்தார்கள். மைக்செட்காரர் முருகன் படம் போட்ட பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டார். யாரோ பெட்டி மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் 'என்னப் பெத்த ராசாவே' என்று அலறத் தொடங்கியது. ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். மணையில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து உள்ளே ஓடிவிட்டாள். அன்றைக்கே பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழித்தார்கள். அந்த மைக்செட்காரரை அதற்குப் பிறகு எங்கள் பக்கம் யாரும் நல்ல காரியத்துக்குக் கூப்பிடவில்லை. பெட்டியும் பாட்டும் மாறினால் என்ன நடக்கும் என்று அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி அம்மாவின் பாட்டுக்கு வருகிறேன்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே, போடி பக்கம். அப்பாவைக் கட்டிக்கொண்டு அவள் மலையேறியபோது, "வேதக்காரன் பின்னால போனவ திரும்ப இந்த வாசல் மிதிக்கக் கூடாது" என்று பிறந்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். சொன்னது அவளுடைய அண்ணன், என் மாமா. அதனால் நான் மாமாவைப் பார்த்ததே இல்லை. லயத்தில் சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் கீழேயிருந்து வந்து சேர நேரமாகும். அதுவரை செத்தவரைச் சும்மா கிடத்தி வைக்க முடியாது என்று பெண்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அம்மா போய், வர முடியாத மகளுக்காகவும் வராத தங்கைக்காகவும் அழுது பாடுவாள். சபை உபதேசியாருக்கு அது பிடிக்காது. "நம்பிக்கை இல்லாதவங்கதான் ஒப்பாரி வைப்பாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தடுக்கவில்லை.

அப்படி ஒரு சாவு வீட்டில் அம்மா பாடியதைக் கேட்டுவிட்டு கேசட் கடைக்காரர் போடியிலிருந்து ஒரு பதிவுக்காரரை அழைத்துவந்தார். அவருக்குச் சொந்தமாகக் கேசட் போடும் தொழில். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சாவு இல்லாமல் ஒப்பாரி பாடினால் ஆகாது என்று, கொழுந்து எடை போடும் தகரக் கொட்டகையில் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பதிவு வைத்துக்கொண்டார்கள். மழை தகரத்தில் விழும்போதெல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

முதலில் அம்மாவுக்கு வாய் வரவில்லை.

"பொணம் இல்லாம எப்படிங்கய்யா பாடுறது?" என்றாள்.

"உங்களுக்கு வேண்டியவங்க யாராச்சும் செத்தவங்க இருப்பாங்கல்ல. அவங்களை முன்னால கிடத்தியிருக்கிறதா நினைச்சுக்கங்க."

அம்மா வெறும் கொழுந்துக் கூடைகளைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருக்களித்துத் திரும்பி, முந்தானையை வாயில் வைத்து, தொடங்கினாள்.

வாய்க்கரிசி போடக்கூட
வழியடைச்சான் கூடப்பொறந்தான்;
சேதி ஒண்ணு சொல்லியிருந்தா
செருப்பில்லாம ஓடிவந்திருப்பேன்.

அவளுடைய அம்மாவுக்கான பாட்டு அது. என் தம்பி பிறப்பதற்குச் சற்று முன்பு கீழே அவளுடைய அம்மா இறந்துபோனார். அம்மாவுக்கு அது தெரியவில்லை. ஒரு வருடம் கழித்து, ஏலக்காய் எடுக்க மலைக்கு வந்த அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் தெரிந்தது. அண்ணன் ஓர் ஆளைக்கூட அனுப்பவில்லையே என்று அன்றிலிருந்து அம்மாவுக்குள் எரிந்துகொண்டிருந்ததெல்லாம் அந்தக் கொட்டகையில் வெளியே வந்தது. அண்ணனைப் பெயர் சொல்லாமல், கூடப்பிறந்தான் கூடப்பிறந்தான் என்று கூப்பிட்டு, அவன் வாசலில் புல் முளைக்கட்டும் என்கிற வரைக்கும் போனாள். பதிவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே குமிழைத் திருகினார்.

தம்பியைத் தூக்கிக்கொண்டு கதவருகில் நின்ற அப்பா, அந்த இடத்தில் மழைக்குள் இறங்கிப் போய்விட்டார். தம்பி சிணுங்கியதால் போகிறார் என்று நினைத்தேன். அவன் சிணுங்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

அட்டைக்குப் படம் வேண்டும் என்று பதிவுக்காரர் கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று பூப்பாறையில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்தது. அம்மா நாற்காலியில், மடியில் தம்பி, பின்னால் அப்பா, பக்கத்தில் அம்மாவின் தோளில் கை வைத்தபடி நான். அப்பா சட்டத்திலிருந்து கழற்றி அதைக் கொடுத்தார். "பத்திரமா வந்துரும்" என்றார் பதிவுக்காரர். வரவில்லை. அதிலிருந்து அப்பாவையும் தம்பியையும் என்னையும் வெட்டிவிட்டார்கள். என் மூன்று விரல்களை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது.

கேசட் வந்த மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்து கூடையை இறக்கியதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனாள். வாசலோர வரிசையில் அம்மாவின் முகம் வரிசையாக ஏழெட்டு இருந்தது. அம்மா அதற்கு முன்னால் நின்றாள். ஜீப்புக்காகக் காத்திருந்த இரண்டு பெண்கள் அட்டையையும் அவளையும் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்கள்.

"உசுரோட இருக்கவளுக்கு மாலை போட்டிருக்கீகளே" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை.

கடைக்காரர் வெளியே இறங்கி வந்தார். "நான் போடலம்மா. கீழே அச்சுல போட்டிருக்காங்க. ஆனா அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஒப்பாரிக் கேசட் வாங்குறவன் யாரு? வீட்டுல பொணத்தைப் போட்டுட்டு ஓடி வர்றவன். அவன் நின்னு வாசிப்பானா? மாலையப் பாப்பான், விளக்கப் பாப்பான், எடுத்துட்டுப் போவான்."

"என் மூஞ்சி எதுக்கு அப்ப? மாலைய மட்டும் போட வேண்டியதுதானே."

"மூஞ்சி இருந்தாத்தான் யாரோ ஒருத்தர் செத்திருக்காங்கன்னு மனசுல படும். நீங்க சும்மா இருக்கிற படத்தைப் போட்டா கிராமியப் பாட்டுன்னு நினைச்சு வாங்கிட்டுப் போவான். சடங்கு வீட்டுல போடுவான். அப்புறம் அன்னைக்கு நடந்த மாதிரி நடக்கும். வந்து என்னைத்தான் அடிப்பான்."

"பாடுறவளே செத்தாத்தான் கேக்குறவங்களுக்கு அழுகை வருமாக்கும்" என்றாள். கடைக்காரர் ஒரே ஒரு வேலை செய்தார். அந்த வரிசையிலிருந்து அம்மாவின் கேசட்டுகளை எடுத்து உள்ளே வைத்தார். எங்கள் பஜாரில் அதற்குப் பிறகு அதை விற்கவில்லை. கீழே போடியிலும் தேனியிலும் பஸ் நிலையக் கடைகளில் அது தொங்கியது எங்களுக்குத் தெரியாது.

லயத்தில் பெண்கள் அம்மாவிடம் பேச்சைக் குறைத்தார்கள். காலையில் பேர் கூப்பிடும்போது சூப்பர்வைசர் அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டு, "இருக்கியா?" என்று சிரித்தார். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த மாதம் மேல் லயத்தில் ஒருவர் இறந்தார். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை.

மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வெயில் நன்றாக அடித்தது. அப்பா சபையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அம்மா லயத்துக்குப் பின்னால் குழாயடியில் துணி துவைத்தாள். நான் வராந்தாவில் தம்பிக்குச் சோறு ஊட்டினேன். கீழே பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஆறேழு பேர் இறங்கினார்கள். முன்னால் ஒரு பெண், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைத்தபடி மேட்டில் ஏறி வந்தாள். பின்னால் வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி ஓர் ஆள்.

லயத்தில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து, எங்கள் வாசலில் அப்பாவைக் கண்டதும் அங்கேயே விழுந்து அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டில் யார் செத்தது? கையில் சோற்றுருண்டையோடு தம்பியைத் தொட்டுப் பார்த்தேன்.

பின்னால் குழாயடியில் அம்மாவுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. ஒப்பாரிச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வருவது அவளுக்குப் பழக்கம். ஈரச் சேலையோடு சுற்றி வந்தாள். யாரென்று பார்க்கவில்லை, என்னவென்று கேட்கவில்லை. வரும்போதே குரலெடுத்துக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் தலை சாய்த்து அழத் தொடங்கினாள். இரண்டு பேரும் அப்படியே ஆடி ஆடி அழுதார்கள். தனக்குத்தான் அழுகிறோம் என்று அம்மாவுக்குத் தெரியாது. யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. லயமே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு அடி பாடி முடித்து மூச்சு வாங்கும்போது அம்மா கேட்டாள், "யாரு தாயி போனது?"

அந்தப் பெண் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை நான் இன்றுவரை வேறு எங்கும் கேட்டதில்லை. கட்டியிருந்த கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, படியில் தலை இடித்து, அப்படியே மயங்கிவிட்டாள். அவள்தான் என் அத்தை, மாமாவின் மனைவி.

மாமா பையோடு நின்ற இடத்தில் நின்றார். பிறகு மண்ணில் உட்கார்ந்தார். பையிலிருந்து பாதி வெளியே வந்து கிடந்தது ஒரு புதுச் சேலை. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் கொண்டுவந்து போர்த்த வேண்டிய கோடி. பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்ததென்று மாமா போடி பஸ் நிலையத்துக்கு ஒப்பாரிக் கேசட் வாங்கப் போயிருக்கிறார். வாசலோர வரிசையில் தங்கையின் முகம் மாலையோடு தொங்கியிருக்கிறது. கடைக்காரனிடம், "இந்தப் பொம்பள எப்ப செத்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "தெரியலண்ணே, படம் போட்டிருக்காங்கன்னா செத்திருக்கும்" என்று அவன் சொல்லியிருக்கிறான்.

அத்தைக்குத் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அம்மா எழுந்து மாமாவின் எதிரே போய் நின்றாள்.

"நான் சாகலண்ணே" என்றாள்.

மாமா கையைத் தூக்கி அவள் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஆத்தா போனப்ப எனக்கு ஒரு ஆள் அனுப்பல. நான் செத்தேன்னதும் ஜீப் பிடிச்சு வந்துட்ட. கோடி எடுத்துட்டு வந்துட்ட."

"அனுப்புனேனே" என்றார் மாமா.

"யார அனுப்புன?"

மாமா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு சின்னத் தாளை எடுத்தார். "தந்தி அடிச்ச ரசீது. ஆத்தா கண்ணை மூடுன அன்னைக்கே அடிச்சேன். எஸ்டேட் விலாசத்துக்கு, உன் வீட்டுக்காரர் பேருக்கு. ஒரு பகல் முழுக்கப் போட்டுக் காத்திருந்தோம் தாயி. நீ வரல. கோவத்துல வரலன்னு நினைச்சேன். முந்தாநாள் அந்தப் பாட்டைக் கேட்டேன். சேதி சொல்லலன்னு என்னைச் சபிச்சுட்டுச் செத்துப் போயிருக்கியேன்னு, இதைப் பெட்டியில தேடி எடுத்தேன். உன்னைப் பொதைச்ச இடத்துலயாவது காட்டணும்னு கொண்டு வந்தேன்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரசீதை என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன். ஊர்ப் பெயர் சரியாக இருந்தது. அப்பாவின் பெயர் சரியாக இருந்தது.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். சட்டை ஒரு கையில் மாட்டியும் மறு கையில் மாட்டாமலும் அவர் வாசலில் நின்றார். எனக்கு மாமாதான் கெட்டவர். நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அது அப்படியே தலைகீழாக விழுந்தது.

"தந்தி வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆபீஸ்ல குடுத்தாங்க" என்றார் அப்பா.

"எங்கே அது?"

"ஃபாக்டரி அடுப்புல போட்டுட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "உனக்கு ஒம்பது மாசம். போடிமெட்டுல மண்ணு சரிஞ்சு ரெண்டு நாளா ஜீப் இல்ல. சொன்னா நீ நடந்தே இறங்கியிருப்ப."

"இறங்கித்தான் இருப்பேன்."

"அதான் சொல்லல."

"பிள்ளை பொறந்த பெறகு?"

"அப்பச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நாள் போகப் போக வாய் வரல."

"ஒரு வருசமா என் அண்ணனை மண்ணை வாரித் தூத்திட்டு இருக்கேன். கொட்டாயில உக்காந்து ஊருக்கே கேக்கிற மாதிரி பாடுனேன். கேட்டுட்டுத்தான நின்னீக?"

கொட்டகையிலிருந்து அப்பா மழைக்குள் இறங்கிப் போனது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அம்மா அழவில்லை, கத்தவில்லை. உள்ளே போய் ஈரச் சேலையை மாற்றினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். செத்தவளுக்கு எடுத்த கோடியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, உயிரோடு இருப்பவளுக்குக் கொடுக்கவும் கூடாது என்று அத்தை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "குடு மதினி" என்று அம்மா அதை வாங்கிப் பையில் வைத்தாள். அதே ஜீப்பில் மலையிறங்கினோம். மறுநாள் காலையில் மாமா அவளை ஊர்ச் சுடுகாட்டுக்குக் கூட்டிப்போனார். அவளுடைய அம்மாவை எரித்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. அம்மா அந்தச் சேலையை விரித்து அந்தச் செடியின் மேல் போர்த்தினாள். மகள் போடவேண்டிய கோடி அது என்றாள். அங்கே அவள் பாடவில்லை.

போடியில் பதிவுக்காரரின் வீட்டுக்கும் போனோம். கூடப்பிறந்தானைத் திட்டும் பாட்டை எடுத்துவிட வேண்டும், மாலையையும் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "அந்தப் பாட்டுக்குத்தாம்மா கேசட்டே ஓடுது. அண்ணன் தம்பி பகையில்லாத வீடு எது? எல்லாருக்கும் அவங்க வீட்டு ஆளைப் பத்திப் பாடுற மாதிரி இருக்கு. மாலையை எடுத்தா யாரும் தொட மாட்டாங்க" என்றார். அவருடைய சகோதரனுக்கும் அவருக்கும் பேச்சில்லை என்று வேறு சொன்னார்.

பதினாறாம் நாள் அம்மா திரும்ப மலையேறினாள். அப்பாவுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேசுவதற்கு அடுத்த சித்திரை ஆனது. அவள் ஏன் திரும்பி வந்தாள் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். என் பிள்ளைகள் பிறந்த பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். அப்பா அதற்குப் பிறகு எந்தத் தபால் வந்தாலும், எஸ்டேட் நோட்டீஸாக இருந்தாலும்கூட, பிரிக்காமல் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுப்பார். அவள் என்னிடம் நீட்டுவாள்.

ஒப்பாரியை அம்மா அத்தோடு நிறுத்திவிட்டாள். கேசட் நிற்கவில்லை. மாமா எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும், எந்த ஊரானாலும், ஒலிபெருக்கியில் அவருடைய தங்கை அவரைச் சபித்துக்கொண்டிருப்பாள். எழுந்து போனால் கண்டுகொள்வார்கள் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாராம். வருடாவருடம் பொங்கல் சீரோடு மலைக்கு வருவார். ஒருமுறைகூட அந்தப் பாட்டைப் பற்றி அம்மாவிடம் பேசியதில்லை.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு மாமா காலமானார். தகவல் கிடைத்ததும் நாங்கள் எல்லோரும் இறங்கினோம், அப்பாவும் வந்தார். காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு ஊரிலிருந்து வந்த மைக்செட்காரர், பென்டிரைவில் இருந்ததை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்குள் நுழையும்போதே கேட்டுவிட்டது. வாய்க்கரிசி போடக்கூட வழியடைச்சான் கூடப்பொறந்தான். மாமாவின் தலைமாட்டில் அந்தக் குரல்.

அம்மா மாமாவிடம் போகவில்லை. நேராக மைக்செட் மேசைக்குப் போய், நிறுத்தச் சொன்னாள். மைக்கைக் கையில் வாங்கினாள்.

"இந்தப் பாட்டு பொய்" என்றாள். "இதைப் பாடுனது நான்தான்."

பக்கத்து ஊர்க் கிழவி ஒருத்தி எழுந்து வந்து, பாவம், புத்தி பேதலித்தவளிடம் பேசுவதுபோல் அம்மாவின் கையைத் தடவினாள். "அந்தப் பொம்பள செத்து எத்தனையோ வருசமாச்சு தாயி. மாலை போட்ட படத்தை நானே பார்த்திருக்கேன். வா, இப்படி உக்காரு."

கூட்டத்தில் பல பேர் அந்தக் கிழவி சொல்வதற்குத் தலையாட்டினார்கள். அம்மா மைக்கை வாயருகே வைத்து, முப்பது வருடம் பாடாத குரலில் பாடினாள்.

சேதி அனுப்பிச்சியே
செல்லமா வளத்த அண்ணே,
வாசப்படி வந்த சேதி
வந்து சேரலியே என் கையில.

குரல் உடைந்துதான் வந்தது. ஆனாலும் முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. கிழவி கையை எடுத்துக்கொண்டு பின்வாங்கினாள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். செத்தவள் நின்று பாடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அம்மா அந்த நான்கு அடியையே இரண்டு முறை பாடினாள். மூன்றாவது முறை தொடங்கும்போது குரல் வரவில்லை.

ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தை விலக்கி, மேசையருகே வந்தார். அம்மாவிடமிருந்து மைக்கை வாங்கவில்லை. அவள் பிடித்திருந்தபடியே குனிந்து அதில் பேசினார்.

"தந்தி வந்துச்சு. வாங்கி அடுப்புல போட்டது நான். மச்சான் மேல குத்தம் இல்ல."

ஒலிபெருக்கி அதைத் தெருமுனைவரை கொண்டுபோனது. அங்கே டீக்கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மைக்கை மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் மாமாவைத் தூக்கினார்கள். முன்னால் வலது பக்கத்துக் கழியை அப்பா தோளில் வாங்கினார். யாரும் தடுக்கவில்லை.